எடுத்த இடம்

சோமூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கோட்டைக்குத்தான் ஏறுகிறார்கள். ஏறத்தான் தோன்றும். மேற்குப் பிரான்சில், லுவார் ஆற்றின் தென்கரைக் குன்றின் நெற்றியில், நான்கு மூலைக் கோபுரங்களும் கூர்ந்த கருங்கூரைகளுமாக அது நிற்கும் நிற்பு அப்படி. பெரி கோமகனுக்காக 15ஆம் நூற்றாண்டில் தீட்டத் தொடங்கிய புகழ்பெற்ற பிரார்த்தனைப் புத்தகத்தில் செப்டம்பர் மாதத்துக்குரிய ஓவியமாக இருப்பது இதே கோட்டை. முன்னால் திராட்சை பறிக்கிறார்கள், கூடைகள் நிறைகின்றன, மாட்டு வண்டி காத்திருக்கிறது, பின்னால் வெள்ளைக் கோட்டை. இன்றும் செப்டம்பரில் போனால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அறுவடை நடக்கும். கோட்டையும் இருக்கும்.

மேலிருந்து பார்த்தால் ஊர் மொத்தத்துக்கும் இரண்டே நிறம். சுவரெல்லாம் வெள்ளை, கூரையெல்லாம் நீலம் கலந்த கறுப்பு. அகன்ற ஆறு, நடுவில் மணல் திட்டுகள், 18ஆம் நூற்றாண்டில் கட்டிய நீண்ட கற்பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவு. பால்சாக் 1833இல் எழுதிய ‘யூஜெனி கிராந்தே’ நாவல் நடப்பது இந்த ஊரின் சரிவான சந்து ஒன்றில்தான். நாவலில் வரும் கருமியின் வீடு எது என்று கேட்டுக்கொண்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். நாவலைப் படித்தவர்களுக்கு அந்த ஆசை நியாயமானதே.

மேட்டிலிருந்து கிடைக்கும் இந்தக் காட்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சோமூரைத் தெரிந்துகொள்ள இறங்க வேண்டும். இதே குன்றின் வயிற்றுக்குள், ஆற்றங்கரைச் சாலையை ஒட்டிய பாறைச் சுவரில் திறந்திருக்கும் கரிய வாய்களுக்குள் போக வேண்டும். கோட்டை எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அங்கே அப்படியே இருக்கிறது.

ஊரைக் கட்டிய கல்லுக்கு துஃபோ என்று பெயர். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலத்தின் மேல் கிடந்த ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு வண்டல் அது. சிப்பித் துண்டும் கடற்பஞ்சின் நுண் எலும்பும் அப்பிரகத் துகளும் கலந்து இறுகியது. இறுகியது என்றாலும் அதன் கொள்ளளவில் கிட்டத்தட்டப் பாதி வெறும் துளைகள். ஒரு பாளத்தைத் தூக்கினால், கண் எதிர்பார்த்த கனம் கையில் இருக்காது. விரலால் அழுத்தி இழுத்தால் மாவு ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்திலிருந்து வந்த ஈரம் காயும் முன் சாதாரண மர ரம்பத்தால் அறுக்கலாம், உளியால் இலை, பூ, முகம் எதை வேண்டுமானாலும் செதுக்கலாம். காற்றில் கிடந்து ஈரம் வெளியேறும்போது உள்ளே கரைந்திருந்த சுண்ணாம்பு மேற்பரப்புக்கு வந்து மெல்லிய ஓடாகப் படியும். அந்த ஓடுதான் நூற்றாண்டுக் கணக்கில் மழையைத் தாங்குகிறது. சிமெண்ட் பூசி அந்த ஓட்டை மூடிவிட்டால் கல் உள்ளுக்குள் ஈரம் தேங்கி உதிரத் தொடங்கும். மூச்சுவிட வழி இருக்கும்வரை வாழும் கல் இது.

சேன் இலேர் சேன் ஃப்ளோரான் என்பது முன்பு தனி ஊர். இப்போது சோமூரோடு சேர்ந்துவிட்டது. அங்கே பழைய சுரங்கம் ஒன்றுக்குள் நுழையலாம். கோடையில் வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே 12, 13 டிகிரிதான். ஸ்வெட்டர் இல்லாமல் போனவர்கள் சிறிது நேரத்தில் கைகளைக் கட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். விளக்கொளி சுவரில் பக்கவாட்டாக விழும் இடத்தில் நின்று பாருங்கள். சுவர் முழுக்கச் சாய்வான கோடுகள், உழுத வயல் போல, ஒன்றையொன்று ஒட்டி. ஒவ்வொரு கோடும் ஒருவன் கூர்முனைக் கோடரியை ஒரு தடவை வீசியதன் தழும்பு. சில இடங்களில் கோடுகள் வலமிருந்து இடமாகச் சாய்கின்றன, சில இடங்களில் மறுபக்கமாக. ஆள் மாறியிருக்கலாம், அதே ஆள் களைத்துக் கை மாற்றியிருக்கலாம். பாளத்தைச் சுற்றிலும் பள்ளக்கோடு வெட்டி, மரஆப்பு அறைந்து, பின்பக்கம் விட்டுக்கொடுக்கும்வரை நெம்பி, முன்னால் சரிய விடுவார்கள். கூரை இறங்காமலிருக்க அங்கங்கே தடித்த தூண்களை வெட்டாமல் விடுவார்கள். எத்தனை தூண், எவ்வளவு இடைவெளி என்பதை அவர்களுடைய அனுபவம் சொல்லிற்று. சோமூர் வட்டாரத்தில் இப்படிக் குடைந்த பாதைகளின் மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு.

அந்தக் கோடுகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த எண்ணம் எளிமையானது. இங்கே இல்லாதது வெளியே இருக்கிறது. வெளியே நிற்கும் ஒவ்வொரு வெள்ளைச் சுவருக்கும் அதே அளவில் ஒரு வெற்றிடம் இந்தக் குன்றுக்குள் இருக்கிறது. எடுத்துக் கட்டியவர்களின் கை அசைந்த தடம் கோட்டையில் இல்லை. அங்கே தேய்த்து மெருகேற்றிவிட்டார்கள். தடம் இருப்பது எடுத்த இடத்தில்.

இனி ஆறு. லுவாரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கல்லைப் பற்றிப் பேச முடியாது. கல்லைக் கொண்டுபோனது ஆறுதான்.

ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் லுவார், பிரான்சின் மிக நீண்ட ஆறு. ஓர்லெயானைத் தாண்டியபின் மேற்கே திரும்பி அட்லாண்டிக் கடலை நோக்கிப் போகிறது. இந்தப் பகுதியில் வீசும் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து. இந்த ஒரு பொருத்தத்தில் பல நூற்றாண்டுகளின் வாணிகமே நடந்தது. கீழ்நோக்கிப் போகிற படகை நீரோட்டம் கொண்டுபோகும். மேல்நோக்கித் திரும்புகிற படகை மேற்குக் காற்று பாயில் பிடித்துத் தள்ளும். போக ஆறு, வர காற்று. ஓக் மரத்தில் செய்த தட்டையான அடிப்பகுதி, மணல் திட்டில் தட்டினாலும் உடையாத அகலம், ஒரே பெரிய சதுரப் பாய். கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்த படகுகள் வரிசையாக மேலேறும். பாலம் வந்தால் பாய்மரத்தைப் படுக்க வைத்து, தாண்டியதும் மறுபடி நிமிர்த்துவார்கள். காற்று வராத நாட்களில் காத்திருக்க வேண்டியதுதான். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் கரையில் கட்டிப்போட்டுக் கிடப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் கரையோர ஊர்களின் சாப்பாட்டுக் கடைகளை வாழவைத்தது.

கீழே போன படகுகளில் துஃபோ பாளங்கள் போயின. திராட்சை மதுவும் போயிற்று. மேலே வந்த படகுகளில் உப்பு வந்தது, மீன் வந்தது, ஆன்ஜே நகரத்துக்குப் பக்கத்தில் த்ரெலாசேயில் வெட்டிய கறுத்த ஸ்லேட் கல் வந்தது. சோமூரின் இரண்டு நிறங்களுக்கும் காரணம் இதுதான். வெள்ளை இந்த ஊர் மண்ணிலிருந்து, கறுப்பு ஆறு கொண்டுவந்து சேர்த்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்ததும் சில பத்தாண்டுகளில் படகுகள் மறைந்தன. இப்போது பழைய மாதிரிப்படி கட்டிய படகுகளில் பயணிகளை ஏற்றி மாலை வேளைகளில் ஆற்றில் கொண்டுபோகிறார்கள். ஏறிப் பாருங்கள். படகுக்காரர் துடுப்பைப் போடும் முன் நீரின் மேற்பரப்பை வெகுநேரம் பார்ப்பார். எங்கே சிற்றலை நடுங்குகிறதோ அங்கே அடியில் மணல். நேற்று வழியாக இருந்த இடம் இன்று திட்டாக இருக்கும்.

அதனால்தான் இந்த ஆற்றில் குளிக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றி, வெண்மணல் கடற்கரை போல் விரிந்து கிடந்து ஆசை காட்டும். காலடியில் இருக்கும் மணல் உறுதியான தரையாகத் தோன்றும். விளிம்பில் சட்டென்று சரியும், கீழே சுழல் இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே மூழ்கிப் போயிருக்கிறார்கள். திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடும் காலம் வேறு உண்டு. வசந்தத்திலிருந்து கோடைவரை சில தீவுகளில் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் ஒரு சிறு குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் முட்டை. மிதித்தாலும் மிதித்தது தெரியாது. சிறுபடகில் துடுப்புப் போட்டுப் போகிறவர்கள் திட்டைச் சுற்றிப் போவதே மரியாதை.

ஆற்றோரம் போவதற்கு என்னைக் கேட்டால் சைக்கிள்தான். லுவார் சைக்கிள் பாதை என்று கடல் முகத்துவாரம்வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அடையாளப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். சோமூரிலிருந்து கிழக்கே மோன்சொரோவரை பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுள்ள பகுதி எல்லாவற்றிலும் செறிவானது. வலப்பக்கம் வெள்ளைப் பாறைச் சுவர், அதில் கதவும் ஜன்னலும் வைத்த குகை வீடுகள், பாறைக்கு மேலே திராட்சைத் தோட்டம். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே தரையிலிருந்து புகைபோக்கி முளைத்திருக்கும். கீழே யாரோ சமைக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் காட்சிக்குப் பழக எனக்கு வெகுநேரம் பிடித்தது. அந்தக் கொடிகள்தான் சோமூர் ஷாம்பிஞி என்ற சிவப்பு மதுவுக்கு உரியவை. வேர் துஃபோவின் துளைகளுக்குள் இறங்கி, அந்தத் துளைகள் மழைக்காலத்தில் பிடித்துவைத்த ஈரத்தைக் கோடையில் குடிக்கிறது.

சூசே என்ற ஊரில் சைக்கிள் பாதை பாறைக்குள்ளேயே நுழைந்துவிடும். ஒருகாலத்தில் கடைத்தெருவாக இருந்த குகைப்பாதை. கண் இருட்டுக்குப் பழகும்வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது. இங்கிலாந்து அரசன் ஆறாம் ஹென்றியின் மனைவியாக இருந்து, கணவனையும் மகனையும் முடியையும் இழந்த மார்கரெட், தன் கடைசிக் காலத்தைக் கழித்து 1482இல் இறந்தது இந்தப் பக்கத்தில்தான். அடுத்து துர்கான். தோலுரித்த ஆப்பிளைக் குகைக்குள் விறகடுப்பில் நாள் கணக்கில் வாட்டி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிச் சேமிக்கிற வழக்கத்தை அங்கே இன்றும் செய்து காட்டுகிறார்கள். கெடாமல் நெடுநாள் இருக்கும். மதுவில் ஊறவைத்தால் மறுபடி உப்பும். கப்பல்களில் ஏற்றிப் போனார்கள். மோன்சொரோ கோட்டை ஒருகாலத்தில் ஆற்று நீரிலேயே கால் வைத்து நின்றது. அதையும் தாண்டினால் கான்த். அங்கேதான் வியென் ஆறு லுவாரோடு கலக்கிறது.

குன்றுக்குள் விட்டுப்போன வெற்றிடத்தை இந்த வட்டாரத்து மக்கள் வீணாக விடவில்லை. இதைத்தான் நான் முதலில் வியந்து பார்த்தேன். கல் எடுத்த இடத்தில் ஏழைகள் குடிபுகுந்தார்கள். சுவர் எழுப்பச் செலவில்லை, குளிர்காலத்தில் உறையாது, கோடையில் வேகாது. முகப்பை மட்டும் கட்டி ஒரு கதவு வைத்தால் வீடு. ஈரமும் இருட்டும் உள்ளே வாழ்ந்தவர்களின் மூட்டுகளில் ஏறியதையும் சொல்ல வேண்டும். வசதி வந்ததும் மக்கள் வெளியேறினார்கள். குகையில் பிறந்தவன் என்பது சொல்லிக்கொள்ளக் கூசும் விஷயமாக இருந்த காலமும் உண்டு. பிறகு மறுபடி மவுசு வந்து, இன்று விடுதி, உணவகம், கைவினைப் பட்டறை என்று குகைகள் விலைபோகின்றன.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரீஸ் நகரத்தடிச் சுரங்கங்களிலிருந்து காளான் வளர்ப்பு இங்கே இடம்பெயர்ந்தது. வருடம் முழுவதும் ஒரே குளிர்ச்சி, ஒரே ஈரப்பதம், இருட்டு. எருவுக்குப் பஞ்சமில்லை. சோமூர் குதிரைப்படைப் பள்ளியின் ஊர். இன்றும் காத்ர் நுவார் என்ற கறுப்பு உடைச் சவாரி ஆசிரியர் குழு இருப்பது இங்கேதான். பிரெஞ்சு மரபுக் குதிரைச் சவாரியை யுனெஸ்கோ 2011இல் தன் பட்டியலில் சேர்த்தது. லாயத்து இலத்தி குகைக்குப் போய்க் காளானாக வெளியே வந்தது. விறகடுப்பில் சுட்ட உருண்டை ரொட்டியைப் பிளந்து, வெண்பீன்ஸ் மசியலோடு காளானும் பூண்டு வெண்ணெயும் வைத்துக் கொடுப்பார்கள். குகைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டில் நுரைக்கும் மதுவைப் புட்டிகளில் முதிர வைக்கும் வேலையும் இதே சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வெற்றிடம் சாதுவானது இல்லை. தூண்கள் நூறாண்டு ஈரத்தில் ஊறி நெகிழ்கின்றன, மேலே கனரக வண்டி போகிறது, ஒருநாள் தோட்டத்தின் நடுவே பள்ளம் விழுகிறது. கோட்டைக்கே அது நேர்ந்தது. 2001 ஏப்ரலில், நீண்ட மழைக்குப் பிறகு, வடக்குப் பக்கத்து அரணின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. பழுதுபார்க்க வருடங்கள் ஆயின. இன்னொரு தடவை மனிதர்களே குன்றை உடைத்தார்கள். 1944 ஜூன் 8ஆம் தேதி இரவு, நார்மண்டிக்குப் போகும் ஜெர்மன் படைகளின் ரயிலைத் தடுக்கப் பிரிட்டிஷ் விமானங்கள் ‘டால்பாய்’ என்ற ஐந்து டன் குண்டுகளை முதன்முதலாகப் போட்டது சோமூரின் ரயில் குகைப்பாதையின் மேல்தான். ஒரு குண்டு குன்றைத் துளைத்துக்கொண்டு இறங்கி உள்ளே வெடித்தது.

ஆற்றிலும் அப்படித்தான். 20ஆம் நூற்றாண்டில் கான்கிரீட்டுக்காக லுவாரின் மணலை அள்ளினார்கள். ஆண்டுக்கு ஆண்டு, இயந்திரம் வைத்து, ஆற்றுப்படுகையே மீட்டர் கணக்கில் தாழ்ந்தது. 1978 ஏப்ரலில், சோமூருக்கு மேலே தூர் நகரத்தில், 18ஆம் நூற்றாண்டுக் கற்பாலத்தின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. அடித்தளத்தைப் பிடித்திருந்த மணல் போய்விட்டிருந்தது. அதன் பிறகுதான் நாடு விழித்தது. 1990களில் ஆற்றுக்குள் மணல் அள்ளுவதை முற்றாக நிறுத்தினார்கள். பாலம் விழும்வரை யாருக்கும் படுகை தாழ்ந்தது கண்ணில் படவில்லை. தண்ணீர் மூடியிருந்தது. மணல் போன இடத்தை எந்த ஊர்க்காரனும் நடந்து பார்க்க முடியாது.

இல்லாததைச் சுற்றிக் கட்டியெழுப்புவது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதில்லை. கான்தில் 397ஆம் ஆண்டு புனித மார்த்தேன் இறந்தார். உடல் யாருக்கு என்று இரண்டு ஊர்க்காரர்கள் சண்டையிட்டார்களாம். காவலிருந்தவர்கள் அசந்த நேரத்தில் தூர் நகரத்தார் உடலை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றி, ஆற்றில் மேல்நோக்கிக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது கதை. கான்திலுள்ள அழகான கோயில், உடல் எடுத்துப்போன இடத்தில் நிற்கிறது. சில கிலோமீட்டர் தெற்கே, 1101இல் தோன்றிய ஃபோந்தெவ்ரோ மடத்தில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றி, அவன் மனைவி எலியனோர், மகன் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் ஆகியோரின் துஃபோச் சிலைகள் படுத்திருக்கின்றன. எலியனோர் கையில் விரித்த புத்தகம். சுற்றிலும் ஆண்கள் கண்மூடிக் கிடக்க, அவள் எண்ணூறு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். சிலைகளுக்கு அடியில் யாரும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எலும்புகள் சிதறிப் போயின. மடம் பிறகு நெப்போலியன் ஆணையால் சிறைச்சாலையாகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே இருந்தது.

சோமூர் நகரமும் மனிதர்களால் வெறுமையானதுண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே உருவான புராட்டஸ்டண்ட் கல்விக்கழகம் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மாணவர்களை ஈர்த்தது. 1685இல் அதை மூடினார்கள். அதே ஆண்டு அந்தச் சமயத்துக்கு இருந்த உரிமையும் பறிபோனது. படித்தவர்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் எங்கெங்கே போனார்களோ அந்த ஊர்கள் வளர்ந்தன.

இத்தனையும் பார்த்தபின் சுற்றிப் பார்ப்பது என்ற செயலைப் பற்றியே எனக்கு வேறு நினைப்பு வந்தது. அழகான இடத்துக்குப் போகிறோம், நின்றிருப்பதைப் பார்க்கிறோம், திரும்புகிறோம். கண்ணுக்குப் படைப்பு மட்டும் தெரிகிறது. எடுத்த இடம் வேறெங்கோ, யாருடைய மலையிலோ, யாருடைய ஆற்றிலோ கிடக்கிறது. சோமூரில் மட்டும் இரண்டும் ஒரே குன்றில், ஒன்றின் மேல் ஒன்றாக. அதனால் இந்த ஊர் தன் கணக்கைத் தானே சுமக்கிறது என்று மனத்துக்குள் பாராட்டிக்கொண்டேன். பிறகுதான் படகுகளின் நினைவு வந்தது.

இங்கே வெட்டிய கல்லில் பெரும்பங்கு இங்கே தங்கவில்லை. ஆற்றோடு போய் ஆன்ஜேயில் மாளிகையாயிற்று, நாந்தில் மாளிகையாயிற்று. நாந்த் நகரின் ஃபெய்தோ தீவில் 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் முதலாளிகள் கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அடித்தளம் கருங்கல், மேலெல்லாம் துஃபோ. மணல் தீவாக இருந்ததால் பல வீடுகள் சாய்ந்திருக்கின்றன. ஜன்னல்களுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள். கடல் தெய்வங்கள், கொள்ளைக்காரர்கள், ஆப்பிரிக்க முகங்களும் உண்டு. அந்த முகங்களை அங்கே வைக்கக் காரணம் இருந்தது. பிரான்சிலேயே மிக அதிகமாக அடிமைக் கப்பல்களை அனுப்பிய துறைமுகம் நாந்த். 1,700க்கும் மேற்பட்ட பயணங்களில், நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கரும்புத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். திரும்பிவந்த சர்க்கரை, மேற்குக் காற்றில் இதே லுவாரில் ஏறி ஓர்லெயானின் ஆலைகளுக்குப் போயிற்று. சோமூர் பாலத்தடியில்தான் போயிருக்க வேண்டும். வேறு வழியில்லை.

அந்த மாளிகைகளின் கல் எடுத்த இடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த மாளிகைகளின் பணம் எடுத்த இடத்தை எங்கே போய்த் தொடுவது? ஒரு கிராமத்தில் ஒரு தலைமுறை இளைஞர்கள் காணாமல் போனால் அங்கே குகை மிஞ்சாது, உளித் தடமும் இருக்காது. புல் முளைத்துவிடும்.

எனக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. மனிதர்களை வாங்க அந்தக் கப்பல்கள் ஏற்றிச்சென்ற பண்டமாற்றுச் சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம். சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரியில் நீலம் தோய்த்த துணி மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் பணம் போலவே புழங்கியது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் அது போயிற்று. தறியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் முழத்துணி எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்காது. கூலி அவருக்குச் சொற்பம். கல் வெட்டிய சோமூர்க்காரனுக்கும் தன் பாளம் யார் வீட்டு ஜன்னலுக்கு மேல் முகமாகப் போகிறது என்று தெரியாது. இருவருமே குற்றவாளிகள் இல்லை. இருவருடைய உழைப்பும் ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் உண்மை.

அங்கேதான் என் எண்ணம் நின்றது. அழகு பொய்யாகிவிடவில்லை. கோட்டை அழகுதான், நாந்தின் சாய்ந்த வீடுகளும் அழகுதான். நிற்பது எதுவும் இன்னோர் இடத்திலிருந்து எடுக்காமல் நிற்கவில்லை. கல்லுக்குள்ளேயே பாதி வெற்றிடம் இருக்கிறது என்றால் ஊருக்குள் இருப்பதில் என்ன ஆச்சரியம். எடுத்த இடம் கண்ணில் படும்வரை மனிதன் அளவோடு இருக்கிறான். தூண் விட்டு வெட்டுகிறான், மிஞ்சிய குழியில் அடுப்பு மூட்டுகிறான், காளான் வளர்க்கிறான், கூரை விரிசல் விட்டால் முட்டுக் கொடுக்கிறான். கண்ணில் படாத தூரத்திலிருந்து எடுக்கும்போது தூண் விட வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வருவதில்லை. கொடுமைக்கு வெறுப்பு தேவைப்படுவதில்லை, தூரம் போதும். சோமூர்க் குன்றின் வயிற்றில் நின்றபோது இது எனக்குக் கல் போலத் திடமாகத் தெரிந்தது. எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட, எடுத்த இடத்தின் பக்கத்தில் குடியிருந்தார்களா என்பதுதான் ஒரு சமூகத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி.

தூரத்தைக் குறைக்க முடியும் என்பதையும் இந்த ஆறே காட்டுகிறது. நாந்தில், அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட கரையில், 2012இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். மேலே நடைபாதையில் கண்ணாடிப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். மொத்தம் 2,000. பெரும்பாலானவற்றில் ஒரு கப்பலின் பெயரும் ஆண்டும். பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் ஒரு படிக்கட்டு வரும். கரைச்சுவருக்கு அடியில், ஆற்று மட்டத்துக்கு, ஒரு நீண்ட கற்கூடத்துக்கு இறங்கும். தூண்களுக்கு இடையே லுவார் ஓடுவது தெரியும். அடிமை முறை ஒவ்வொரு நாட்டிலும் எந்த ஆண்டில் ஒழிந்தது என்ற பட்டியலும், அதை எதிர்த்தவர்களின் சொற்களும் கண்ணாடிச் சுவரில் இருக்கின்றன. அந்த ஊரார் தங்கள் பாட்டன்களின் கணக்கை நடந்து பார்க்கத் தாங்களே ஒரு குகை கட்டியிருக்கிறார்கள்.

சோமூருக்குப் போகிறவர்கள் சைக்கிள் பாதையைக் கிழக்கே கான்தோடு முடித்துக்கொள்ள வேண்டாம். மேற்கேயும் திரும்புங்கள். ஆறு போகிற திசையில், எதிர்க்காற்றில், மூன்று நான்கு நாள் மிதித்தால் நாந்த் வந்துவிடும். முடியாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. ஃபெய்தோ தீவில் அந்த முகங்களை அண்ணாந்து பாருங்கள், பிறகு கரைக்கு வந்து அந்தப் படிகளில் இறங்குங்கள். சோமூரில் வெட்டிய கல்லையும், அந்தக் கல்லை வாங்கிய பணத்தையும் ஒரே பயணத்தில் பார்த்தவர்களாவீர்கள்.